இருநூத்திப் பத்து

உக்காருங்க அண்ணாச்சி. நின்னுக்கிட்டே இருந்தா சீக்கிரம் கூப்பிட்டுருவாகளா. உள்ள இப்ப எம்பிள்ளைக்குத்தான் பாடம் நடக்குது. கனிஷ்கா. அந்தக் கண்ணாடிக்கு அங்கன நீலக் கவுனு போட்டு உக்காந்திருக்கே, அதுதான். பக்கத்துல எம்பொஞ்சாதி மாரிச்செல்வி. எதுக்க இருக்கிறது பெனிட்டா மேடம், காது கேக்குததுக்குன்னே படிச்சவுக. உங்க பிள்ளைக்கு நாளைக்கு ஆபரேஷன்னு சொல்லுதீகளே, நீங்களும் அவுக கைக்குத்தான் வந்து சேரணும்.

நான் ஏன் வெளிய இருக்கேன்னு பாக்கீக. எனக்கு ஏசி ஒத்துக்கிடாது. மூக்கடைச்சுக்கிடும். சரி, உங்ககிட்ட என்னத்த மறைக்க. நான் உள்ள போனா பிள்ளை தலையில மாட்டுன மிஷினைக் கழட்டி எறிஞ்சிரும். வேற யாரு போனாலும் பேசாம இருக்கும். நான்னா ஆகாது. பிடிவாதம். அவ அம்மா குடும்பத்துக்கே உள்ளது.

மேடம் இன்னைக்கு நான் வந்தே ஆகணும்னு சொல்லிருக்காக. போன தடவையும் சொன்னாக, அன்னைக்கு ஒரு போன் வந்துச்சு, பேசப் போயிட்டேன். இன்னைக்கும் ஒரு தடவை கூப்பிட்டாச்சு. தண்ணி குடிச்சிட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்தேன், உங்களப் பாத்தேன். இருக்கட்டும், அவசரம் ஒண்ணும் இல்ல.

நமக்குத் தொழில் மைக்செட்டு. கோயில்பட்டிக்குக் கிழக்க எந்த ஊர்ல கேட்டாலும் சொல்லுவாக. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, எழவு வீடு, எதுன்னாலும் நம்ம பெட்டிதான். சத்தம் எங்க கூட்டணும், எங்க கொறைக்கணும்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. அப்படிப்பட்டவன் வீட்டுலயா காது கேக்காத பிள்ளை பிறக்கணும். ஊர்ல என்ன பேசுனாக தெரியுமா. ஊரு காதையெல்லாம் கிழிச்சான், இப்ப அவன் பிள்ளைக்கு இல்லாமப் போச்சுன்னு. டீக்கடையில, எங்காதுபடவே சொன்னாக. நான் கிளாஸை வச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். அதுக்கப்புறம் அந்தக் கடைக்கு நான் போறதில்ல. மேடம் சொன்னாக, பெட்டிச் சத்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, பிறவியிலயே வந்ததுன்னு. சொந்தத்துல முடிச்சது, அத்தை மகளைக் கட்டுனதுன்னு என்னமோ சொன்னாக. அதை விடுங்க.

ஆபரேஷன் அன்னைக்கு நானும் கம்பத்துல இருந்து வந்த ஒரு பாயும் ஒரே பெஞ்சுல உக்காந்திருந்தோம். அவரு பையனுக்கும் அன்னைக்குத்தான். முதல்ல அவன், அடுத்தது எம்பிள்ளை. முடிஞ்சதும் பெனிட்டா மேடம் வெளிய வந்தாக. பச்சைத் துணி கூட மாத்தல. “நல்லபடியா முடிஞ்சதுண்ணே. காதுக்குள்ள வச்ச கம்பியெல்லாம் சரியா உக்காந்திருக்கு, நரம்பும் பதில் சொல்லுது”ன்னாக. நான் கும்பிட்டுட்டு விட்டிருக்கணும். தொழில்காரன் பாருங்க, வாய் சும்மா இருக்கல. பிள்ளைதான் மயக்கத்துல கெடக்குதே, கேக்குதுன்னு யாரு உங்களுக்குச் சொன்னதுன்னு கேட்டேன்.

அவுக நின்னு நிதானமாத்தான் சொன்னாக. காதுக்குள்ள ஒரு பொடித் தசை இருக்காம். சத்தம் அளவு மீறுனா அது தானா இழுத்துக்கிடுமாம், வெயில்ல வந்தா நமக்குக் கண்ணு சுருங்குதுல்லா, அதே மாதிரி. ஆளு தூங்குனாலும் இழுக்குமாம். மேடம் கம்ப்யூட்டர்ல கொஞ்சம் கொஞ்சமா கரண்டைக் கூட்டுவாக, டாக்டரு லென்ஸ் வழியா அந்தத் தசையையே பாத்துக்கிட்டு இருப்பாரு. துடிச்ச உடனே சொல்லுவாரு. அந்த நம்பரைக் குறிச்சுக்கிட்டா, பின்னால மிஷின்ல சத்தத்தை எதுவரைக்கும் ஏத்தலாம்னு ஒரு மதிப்பு கிடைக்கும். வாயைத் தொறந்து சொல்லத் தெரியாத பிள்ளைக்கு வேற என்ன வழி இருக்கு.

எம்பிள்ளைக்கு எவ்வளவுன்னு கேட்டேன். இருநூத்திப் பத்துகிட்டன்னாக. பாய் தன் பையனுக்கு எவ்வளவுன்னு கேட்டாரு. நூத்தி எழுபத்தஞ்சுன்னாக.

அண்ணாச்சி, எனக்கு எப்படி இருந்துச்சுங்கீக. அவ பிறந்ததுல இருந்து எங்க போனாலும் எம்பிள்ளைக்கு ஒரு படி கம்மின்னுதான் சொல்லிக் கேட்டிருக்கேன். முதல் தடவையா ஒரு எடத்துல அவளுக்குக் கூட வந்திருக்கு. கேண்டீன்ல இருந்த லட்டைப் பூராத்தையும் வாங்குனேன். வார்டுல எல்லாருக்கும் குடுத்தேன், வாட்ச்மேனுக்கும் குடுத்தேன். இருநூத்திப் பத்து, இருநூத்திப் பத்துன்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தேன். பாய் மூஞ்சி தொங்கிப் போச்சு. நான் அவரு தோள்ல கையைப் போட்டு, மனசை விட்டுறாதீக பாய், உங்க பையனும் போகப் போகத் தேறிருவான்னேன். அவரு தலையை ஆட்டுனாரு. இப்ப நெனச்சா அந்தாளு மூஞ்சியில முழிக்க முடியாது.

மறுநாள் மேடம் காதுக்கு இந்த லட்டு விஷயம் போயிருக்கு. என்னையும் செல்வியையும் கூப்பிட்டு உக்கார வச்சாக. “அண்ணே, அது மார்க்கு இல்லண்ணே”ன்னாக. கம்பத்துப் பையனுக்கு அளக்குத நேரத்துல ஊசி வழியா மயக்கம் குடுத்தாங்களாம். எம்பிள்ளைக்கு வாயு மயக்கம்தான் தோதுன்னு டாக்டரு அதுலயே வச்சிருந்தாராம். “வாயு உள்ள போனா அந்தத் தசையும் சேர்ந்து அசந்துடும். அதனாலதான் லேட்டா துடிக்குது. சில பிள்ளைங்களுக்குத் துடிக்கவே துடிக்காது. பாப்பா முழிச்சிருந்தா அந்த இருநூத்திப் பத்துக்கு ரொம்ப முன்னாடியே அவளால தாங்க முடியாது. அந்த நம்பரை நம்பி ஏத்துனா பிள்ளை பயந்துடும். கீழ இருந்து தொடங்கி, அவ முகத்தைப் பாத்துப் பாத்துத்தான் ஏத்தணும்”னாக.

இப்ப நீங்களே சொல்லுங்க. படிக்காதவனுக்குப் புரியுத மாதிரியா சொன்னாக? இன்னும் கொஞ்சம் வெளங்கச் சொல்லியிருக்கலாம்லா. எனக்கு என்ன தோணுச்சுன்னா, இவன் காப்பீட்டு அட்டையில வந்தவன், கொறைச்சு வச்சா என்னன்னு பாக்குறாகன்னு தோணுச்சு. செல்வி நல்லாத் தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டு இருந்தா. வெளிய வந்து, உனக்கு என்னட்டி புரிஞ்சுதுன்னு சத்தம் போட்டேன். “பிள்ளை தூங்கும்போது எடுத்த அளவு, முழிச்சிருக்கும்போது ஆகாதுங்காக. அவ்வளவுதான் அத்தான்”னா. பொம்பளைக்கு என்ன தெரியும் ஆம்ப்ளிஃபயரைப் பத்தி. இருநூறு தாங்குத பெட்டியை எழுபதுல ஓட்டுனா அவன் கிறுக்கன்.

புண்ணு ஆறி, ஒரு மாசம் பொறுத்து மிஷினை மாட்டுனாக. அதுல நாலு படி வச்சிருந்தாக. ஒரு பட்டனு, ஒரு அமுக்குக்கு ஒரு படி கூடும். மேடம், “இப்ப முதல் படி, அடுத்தடுத்த படிக்கு நானே சொல்லுவேன், நாலாவது ரொம்பப் பின்னால, நான் பிள்ளையைப் பாக்காம அந்தப் பக்கமே போகக் கூடாது”ன்னாக. அன்னைக்கு வீட்டுக்கு வந்து செல்வி ஒரு டம்ளரைத் தரையில வச்சா. பிள்ளை திரும்பிப் பாத்துச்சு. செல்வி முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழுதா. மறுபடி வச்சா, மறுபடி திரும்புச்சு. அப்புறம் பிள்ளையே டம்ளரை வாங்கி வச்சு வச்சுப் பாத்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு, இல்லங்கல. ஆனா ஒரு டம்ளருக்குத் திரும்புததை எவன்கிட்ட போயிச் சொல்ல முடியும்.

அந்த வாரம் அம்மன் கோயில் பொங்கல். சொந்தபந்தம் அம்புட்டும் ஊருக்கு வந்துட்டாக. மைக்செட்டு நம்மளதுதான். டீக்கடையில பேசுனவுகளும் கோயில் முன்னால நிக்காக. நான் நெனச்சேன், இன்னைக்கு நம்ம பெட்டியிலயே அவ பேரைச் சொல்லுவோம், அவ திரும்புவா, ஊரே பாக்கட்டும். எந்தப் பெட்டியால காது போச்சுன்னு சொன்னாகளோ, அதே பெட்டியில கேக்கட்டும். நெனப்பு தப்பாங்க? எந்தத் தகப்பனுக்கும் தோணும்லா.

பிள்ளையைத் தூக்கிட்டு வந்து பெட்டி முன்னாடி நிப்பாட்டுனேன். புதுப் பாவாடை, தலை நெறையப் பூ. முதல் படியில வெளியில கேக்குமோ கேக்காதோன்னு பட்டனை அமுக்குனேன். ரெண்டு, மூணு, நாலு. செல்வி வந்து கையைப் பிடிச்சா. “வேண்டாம் அத்தான், மேடம் சொல்லிருக்காக”ன்னா. தடுக்கணும்னு நெனச்சவ தடுத்த மாதிரி தடுத்திருக்கணும். கையைத்தான பிடிச்சா.

மைக்கை எடுத்தேன். கூட்டம் பூரா எம்மூஞ்சியைப் பாக்குது. அந்தப் பரபரப்புல பெட்டிக்கு நேரா நின்னுட்டேன். வாயைத் தொறந்து கனின்னு சொல்லுததுக்குள்ள மைக்கு கூவிருச்சு. உங்களுக்குத் தெரியும்லா, கீய்ங்குன்னு ஒரு கூவல். இத்தனை வருசத் தொழில்ல எங்கையில ஒரு மைக்கு கூவுனது கிடையாது. தொழில் பழக வந்த அன்னைக்குச் செய்யுத தப்பு அது. அத்தனை பேரு முன்னால. வெக்கமாப் போச்சு அண்ணாச்சி. இன்னைக்கும் கண்ணை மூடுனா அந்தக் கூவல்தான் வருது. மைக்செட்டுக்காரன் கையில மைக்கு கூவுனா அவன் எதுக்கு அந்தத் தொழில்ல இருக்கணும்?

பிள்ளையா? பிள்ளை அழுதுச்சு.

அழுததுன்னா, முதல்ல சத்தம் வரல. வாய் தொறந்திருக்கு, மூச்சு வரல. ரெண்டு கையாலயும் மிஷினைப் பிச்சு எறிஞ்சுச்சு, முடியும் பூவும் சேந்து வந்துச்சு. பாவாடை நனைஞ்சு காலு வழியா ஓடுது. நான் பக்கத்துல போனேன். கையில மைக்கைக் கீழ வைக்கணும்னு கூடத் தோணல. என்னைப் பாத்ததும் பின்னாலயே நகந்து நகந்து போயி, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவுல பூந்துக்கிடுச்சு. செல்விதான் கையை விட்டு இழுத்துத் தூக்குனா. யாரும் ஒரு வார்த்தை பேசல. பேசியிருந்தாலாவது திருப்பிப் பேசியிருப்பேன். என் மச்சான் வந்து மைக்கை வாங்கி ஆஃப் பண்ணுனாரு.

அதுக்கப்புறம் மிஷின் டப்பாவைக் கண்டாலே பிள்ளைக்கு உடம்பு தூக்கிப் போடும். இங்க கூட்டிட்டு வந்தோம். மேடம் கேட்டாக, எந்தப் படியில வச்சிருந்தீகன்னு. முதல் படியிலதான் இருக்குன்னேன். நான் பொய் சொல்லல பாத்துக்கிடுங்க. அவுக கேக்கும்போது அது முதல் படியிலதான் இருந்துச்சு. பஸ்ல வரும்போதே நான் திருப்பி வச்சுட்டேன். செல்வி சன்னலைப் பாத்துக்கிட்டு இருந்தா.

மேடம் நம்பிட்டாக. முதல் படியே தாங்கலையான்னு அவுகளுக்கு ஒரே யோசனை. கொறைச்சாக. பிள்ளை அப்பவும் அழுதுச்சு. இன்னும் கொறைச்சாக. எதுவும் கேக்காத அளவுக்குக் கொறைச்ச பெறகும் மாட்டுனா அழுவுது. உள்ள ஏதோ கோளாறுன்னு நெனச்சு, டாக்டருகிட்ட பேசி, இன்னொரு தடவை மயக்கம் குடுத்து, இந்தத் தடவை ஊசி மயக்கத்துலயே வச்சு எல்லாத்தையும் மறுபடி அளப்போம்னு முடிவு பண்ணுனாக. நாள் குறிச்சு வரச் சொன்னாக. காலையில இருந்து பிள்ளைக்குப் பச்சைத் தண்ணி குடுக்கல. பசிக்குதுன்னு கையால வயித்தைத் தட்டித் தட்டிக் காட்டுது. பச்சைக் கவுனை மாட்டியாச்சு. தள்ளுவண்டியும் வந்துருச்சு. அப்பத்தான் செல்வி மேடம் கையைப் பிடிச்சுக்கிட்டு, “இவரு நாலாவது படிக்கு ஏத்துனாரு மேடம், மைக்செட்டு முன்னாடி நிப்பாட்டி”ன்னு சொல்லிட்டா.

நானே சொல்லத்தான் இருந்தேன். அவ முந்திக்கிட்டா.

மேடம் திட்டுவாகன்னு பாத்தேன். திட்டல. அப்புறம் பிள்ளை கவுனு முடிச்சை அவுத்துக்கிட்டே, “பிள்ளைக்குப் பால் வாங்கிட்டு வாங்கண்ணே”ன்னாக. அவ்வளவுதான். நான் கேண்டீன்ல போயி நின்னேன். அங்க லட்டு அடுக்கி வச்சிருக்கான். மாஸ்டருக்கு என்னை அடையாளம் தெரிஞ்சு, என்னண்ணே, பாப்பா பேசுதான்னு கேட்டான். பாலை வாங்கிட்டு வந்துட்டேன். அன்னைக்கு மாதிரி நான் என் ஆயுசுல கூசுனதில்ல.

அப்புறம் அடியில இருந்து தொடங்குனாக. மிஷினைப் பொம்மைக்கு மாட்டி, செல்விக்கு மாட்டி, மேடம் தன் தலையில மாட்டி. பிள்ளை தொட்டுச்சு. கொஞ்ச நேரம் வச்சுக்கிடுச்சு. இப்ப எந்திரிச்ச உடனே அதுவா எடுத்து மாட்டச் சொல்லி அம்மாகிட்ட நீட்டுது. காக்கா கத்துனா விரலைத் தூக்குது. அம்மாங்குது. ஆன்னு ஒண்ணு சொல்லுது, அது ஆடுன்னு செல்வி சொல்லுதா. எல்லாம் அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் வாசப்படியில காலை வச்சா கழட்டிரும். அதனால நான் பகல்ல வீட்டுப் பக்கம் போறதில்ல. பெட்டிக வைக்குத செட்டுலயே இருந்துக்கிடுவேன், செல்வி சோத்தைக் கொண்டாந்து குடுத்துருவா. பிள்ளை தூங்கப் போறப்ப மிஷினைக் கழட்டி வைக்கும்லா, அப்ப செல்வி வெளி லைட்டைப் போடுவா. அதுக்கப்புறம் போவேன். இதுதான் எனக்குப் புரியல அண்ணாச்சி. மிஷின் இல்லேன்னா ஓடி வரும். எம்மேல ஏறும், மீசையைப் பிடிச்சு இழுக்கும், எந்நெஞ்சுலதான் படுத்துத் தூங்கும். காதுல ஒண்ணும் கேக்காத நேரம் மட்டும்தான் நான் அவளுக்கு அப்பன். லட்சம் பேருக்குச் சத்தம் குடுத்தவன் நான். எம்பிள்ளை இதுவரைக்கும் எங்கொரலைக் கேட்டதில்ல. கேட்டதெல்லாம் அந்தக் கூவல் ஒண்ணுதான். அதுதான் அப்பான்னு நெனச்சுக்கிட்டு இருக்கு.

நாளைக்கு மேடம் வெளிய வந்து நம்பரு எதுவும் சொன்னா, நீங்க பேசாமக் கேட்டுக்கிடுங்க. எந்த மயக்கம்னு கேளுங்க. பக்கத்துல இருக்கிறவரு பிள்ளைக்கு எவ்வளவுன்னு மட்டும் கேக்காதீக. ஆனாலும் ஒண்ணு சொல்லுதேன், இருநூத்திப் பத்துங்கது சாமானியம் இல்ல. சரி சரி. சிரிக்காதீக. எனக்கே தெரியுது.

அந்தா, மேடம் எந்திரிக்காக. கதவைத் தொறக்காக. என்னைத்தான் கூப்பிடுதாக. இனி என்ன சாக்குச் சொல்ல. செல்வி இங்கன பாக்கவே மாட்டேங்குதா பாருங்க, பிள்ளையவே பாத்துக்கிட்டு இருக்கா.

கனி பாத்துருச்சு. கை தலைக்குப் போகுது அண்ணாச்சி. நான் சொன்னேன்லா. கழட்டப் போகுது. நான் இப்படியே ஓரமாப் போயிருதேன், பாவம், நல்லாப் படிச்சுக்கிட்டு இருந்துச்சு.

கழட்டல.

கழட்டலையே. ரெண்டு கையையும் மேல வச்சு அமுக்கிப் பிடிச்சிருக்கு. மிஷினைப் பொத்தி வச்சிருக்கு. என்னைப் பாத்துக்கிட்டே இருக்கு, கையை எடுக்கவே இல்ல. நான் எடுத்துருவேன்னு பயப்படுது அண்ணாச்சி. அவளுக்கு அது வேணும்போல இருக்கு. எங்கிட்ட குடுக்க மாட்டாளாம்.

இந்த போனைக் கொஞ்சம் வச்சுக்கிடுங்க. சட்டைப்பையில இருக்கிற டெஸ்டரையும் வச்சுக்கிடுங்க. எங்கையில ஒண்ணும் இருக்கக் கூடாது. ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டுப் போறேன். பட்டன் பக்கம் வர மாட்டேன்னு அவளுக்குத் தெரியணும்லா. போயி, தள்ளித் தரையில உக்காந்துக்கிடுதேன். பேரைச் சொல்லணும்னு மேடம் சொல்லிருக்காக. எவ்வளவு மெதுவாச் சொல்லணும்னுதான் எனக்குத் தெரியல.